அல்பினா பி3 டூரிங்: சத்தமில்லாத ஒரு வேகனுக்கு இவ்வளவு காசா?

ஹவ்லொக்_வாசி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மண்டையைக் குடையும் விஷயம் ஒன்றை இங்கே கொட்டுகிறேன். அல்பினா பி3 டூரிங் வாங்கலாமா?

தெரியாதவர்களுக்காக: அல்பினா ஜேர்மனியில் புக்லோஎ என்ற சின்ன ஊரில் இருந்த கொம்பனி. பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் வேகனை (கூரை பின்பக்கம் வரை நீளும் கார், பிஎம்டபிள்யூ அதை டூரிங் என்று அழைக்கும்) எடுத்து, எம்3க்குப் போகும் எஸ்58 என்ஜினைத் தங்கள் வழியில் பதப்படுத்திப் போட்டார்கள். 3 லீற்றர், ஆறு சிலிண்டர், இரட்டை ரேர்போ. 2022இல் புதுப்பித்த மாடலில் 495 குதிரைவலு, 730 நியூட்டன் மீற்றர். நூறைத் தொட நான்கு விநாடிகூட எடுக்காது. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தால் சாதாரண 320 டூரிங் என்றுதான் சொல்வீர்கள். பக்கத்துக் கோடுகளும் பின்னால் எழுத்தும் வேண்டாமென்று ஓடர் கொடுத்தவர்களின் காரில் அந்த அடையாளமும் இல்லை.

2022இல் அல்பினா பெயரை பிஎம்டபிள்யூ வாங்குவதாக அறிவித்தது. 2025 முடிவோடு அந்தப் பழைய ஏற்பாடு முடிந்துவிட்டது. இனி அந்தப் பெயரில் என்ன வந்தாலும் இது வராது. லண்டனில் இருக்கும் மச்சான் ஒருவர் 2023 கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். வலதுபக்க ஸ்டியரிங்.

வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. யாழ்ப்பாணம் போய்வருவது வழக்கம். வீட்டுக்காரி சொல்வது ஒன்றுதான்: "இவ்வளவு காசு போடுவதென்றால் ஜீப் ஒன்றை வாங்குங்கோ, நாலு பேர் பார்க்கட்டும்." எனக்கு நாலு பேர் பார்க்காததுதான் வேண்டும். நான் நினைப்பது பிழையா?

கொட்டாஞ்சேனை_மச்சான்

495 குதிரை. அதிவேகப் பாதையில் 100. காலி வீதியில் மாலை ஐந்து மணிக்கு 8. நல்ல முடிவு அண்ணை.

கணக்குப்பிள்ளை

தம்பி, காரைப் பற்றிக் கதைக்க முதல் கடதாசியைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் மூடிய இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்தபோது வந்த வரி அமைப்பை வைத்துச் சொல்கிறேன். வர்த்தமானி அடிக்கடி மாறும், எனவே காசு அனுப்ப முதல் புதியதைப் பாருங்கள்.

லண்டனில் இருந்து கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்த்துக் கொழும்புத் துறைமுகத்துக்கு வரும்போது பெறுமதி 3 கோடி என்று வைப்போம். பவுண்ட் 400 ரூபாய் என்றால் அது பெரிய கற்பனை இல்லை.

சுங்கத் தீர்வை 20 வீதம். அதற்கு மேல் அந்தத் தீர்வையின் பாதி மேலதிகக் கட்டணம். ஆக 30 வீதம், 90 இலட்சம். அடுத்தது சொகுசு வரி: பெற்றோல் காருக்கு 50 இலட்சத்தைத் தாண்டும் தொகைக்கு 100 வீதம். 3 கோடியில் 50 இலட்சத்தைக் கழித்தால் இரண்டரைக் கோடி, வரியும் இரண்டரைக் கோடி. இப்போதே 6 கோடி 40 இலட்சம். இன்னும் உற்பத்தி வரியைத் தொடவில்லை. அது சிசி கணக்கில் அறவிடப்படுவது, என்ஜின் பெருக்கப் பெருக்க ஒரு சிசிக்கான தொகையும் ஏறும். உங்கள் கார் 2,993 சிசி. அப்புறம் 18 வீத வற் வரி, அதாவது வரிக்கும் வரி.

என் கணக்கில் பத்துக் கோடிக்குக் கீழே இது வீட்டு வாசலுக்கு வராது. லண்டனில் உங்கள் மச்சான் கொடுக்கும் விலையின் மூன்று மடங்குக்கு மேல்.

இன்னொன்று, சுங்கம் நீங்கள் காட்டும் பில்லை அப்படியே ஏற்காது. புதுக் காரின் விலையில் இருந்து தேய்மானம் கழித்துத் தன் கணக்கில்தான் பெறுமதி போடும். மலிவாக வாங்கிவிட்டேன் என்று சந்தோஷப்பட இடமில்லை. உற்பத்தித் திகதியில் இருந்து மூன்று வருடம் தாண்டிய கார் உள்ளே வரவும் முடியாது. 2023 என்றால் மாதத்தைப் பாருங்கள். லீசிங்கில் பாதிக்கு மேல் கிடைக்கும் என்று எதிர்பார்த்து இறங்க வேண்டாம்.

ஹவ்லொக்_வாசி

ஐயா, நன்றி. ஏழு அல்லது எட்டு என்று நினைத்திருந்தேன். வயிற்றைக் கலக்குகிறது. ஜப்பான் ஏலத்தில் எடுத்தால்?

கணக்குப்பிள்ளை

கப்பல் கூலி குறையும், வரி அதேதான். அல்பினா ஜப்பானில் இடதுபக்க ஸ்டியரிங்கோடும் நிறைய விற்பனையானது, அங்கே அது ஒரு பெருமை. இங்கே இடதுபக்க ஸ்டியரிங் காரைப் பதிய முடியாது. ஏலத் தாளில் முதலில் அதைப் பாருங்கள், பிறகு கிரேட்டைப் பார்க்கலாம்.

டிஎக்ஸ்72

நான் உங்களையெல்லாம் விட வயதில் மூத்தவனாக இருப்பேன். வேகன் என்றால் இந்த நாட்டில் டொயோட்டா டிஎக்ஸ் வேகன்தான். எங்கள் வீட்டில் ஒன்று நின்றது. வெள்ளவத்தையில் இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிக்கிட்டால் பின்னால் சூட்கேஸ், அதற்கு மேல் பாய், அதற்கு மேல் நாங்கள். திரும்பி வரும்போது பனாட்டு, ஒடியல் மா, ஒரு சாக்கு கறுத்தக்கொழும்பான். மூன்று நாளைக்கு காருக்குள் மாம்பழ வாசம் போகாது.

அதனால்தான் எங்கள் சனத்துக்கு வேகன் என்றால் சாமான் ஏற்றும் வண்டி. ஏடி வேகன், பிறகு ஃபீல்டர், எல்லாம் அப்படியே. மரக்கறிக் கடைக்காரரும் மின்சார வேலை செய்பவரும் வைத்திருந்த வாகனத்துக்குப் பத்துக் கோடி கொடுக்கிறேன் என்றால் உங்கள் மனைவி சிரிப்பதில் ஞாயம் உண்டு.

நாலு பேர் கண்ணில் படக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்கு நன்றாக விளங்குகிறது. சோதனைச் சாவடிக் காலத்தில் கொழும்பில் கார் ஓடிய எங்கள் ஆட்களுக்கு அது பழகிப்போன ஒன்று. கண்ணாடியைக் கறுப்பாக்கமாட்டோம், காரில் ஸ்ரிக்கர் ஒட்டமாட்டோம், வெள்ளை அல்லது சாம்பல் நிறம் எடுப்போம். அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்விளக்கைப் போட்டுவிட்டு மெதுவாகப் போய் நிற்போம். பிறகு காசு வந்தது, காலம் மாறியது, பழக்கம் மட்டும் போகவில்லை. என் மகனும் சாம்பல் நிறத்தில்தான் கார் வாங்கினான், ஏன் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது.

ஐந்து_சிலிண்டர்

ஐயா, சாமான் வண்டிக்குள் பெரிய என்ஜின் போடுவது ஜேர்மன்காரனும் ஸ்வீடன்காரனும் முப்பது வருடமாகச் செய்வதுதான். 1994இல் ஔடி ஆர்எஸ்2 அவன்ற் (ஔடி வேகனுக்கு வைத்த பெயர் அவன்ற்): 2.2 லீற்றர் ஐந்து சிலிண்டர், 315 குதிரைவலு, பிரேக்கும் சில்லும் பக்கக் கண்ணாடியும் போர்ஷே கொடுத்தது. போர்ஷேயின் சூஃபன்ஹவுசன் தொழிற்சாலையில்தான் முடித்தார்கள். அதே வருடம் பிரித்தானிய டூரிங் கார் போட்டியில் வொல்வோ 850 எஸ்டேட்டை இறக்கியது. சனம் முதலில் சிரித்தது. அடுத்த வருடம் விதி மாறிப் பின்னால் விங் போட அனுமதி வந்ததும் வேகனை விட்டு செடானுக்குப் போனார்கள், ஆனால் எல்லார் மனதிலும் நின்றது அந்த எஸ்டேட்தான்.

அதற்குப் பிறகு குதிரைவலுப் போட்டி. ஔடி ஆர்எஸ்6 ஒன்றுக்கு 5 லீற்றர் வி10 போட்டது, 580 குதிரைவலு. இப்போதைய பிஎம்டபிள்யூ எம்5 டூரிங் 727 குதிரைவலு, பற்றரியும் சேர்த்து ஏறக்குறைய இரண்டரைத் தொன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆர்எஸ்6உம் வீங்கிய மட்கார்டோடு வந்து ஊரைக் கூப்பிடுகிறது. அடங்கி நிற்கும் வேகன் என்றால் அல்பினா, அல்லது எஸ் வரிசை ஔடி. அண்ணையின் ருசி நல்ல ருசி.

ஜீப் பற்றி ஒரு வார்த்தை. உயரமான வாகனத்தை வேகமாக ஓட வைக்கக் கடினமான சஸ்பென்ஷன், அகல ரயர், பெரிய பிரேக் எல்லாம் தேவை, ஏனென்றால் பாரம் மேலே இருக்கிறது. வேகனில் பாரம் கீழே. அதே குடும்பம், அதே சாமான், எடை குறைவு. வளைவில் பின்சீற்றில் இருக்கும் அம்மாவுக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

கொட்டாஞ்சேனை_மச்சான்

வித்தியாசம் அம்மாவுக்குத் தெரியும், சரி. ஆனால் அம்மா ஜீப்பில் ஏறுவதற்குக் கால் தூக்கினால் போதும், இந்தக் காரில் இறங்கக் குனிய வேண்டும். முழங்கால் வலி உள்ளவரைக் கேட்டுப் பாருங்கள்.

ஹவ்லொக்_வாசி

அதை நான் யோசிக்கவே இல்லை மச்சான். கேட்கிறேன்.

பஞ்சிகாவத்தை_பாஸ்

ஐரோப்பியக் கார்தான் என் பிழைப்பு. நல்லதும் கெட்டதும் சொல்கிறேன்.

பெற்றோல். இந்த மாதிரி என்ஜினுக்கு ஐரோப்பாவில் 98 ஓக்டேன் சிபாரிசு. நாங்கள் வழக்கமாக அடிப்பது 95. என்ஜின் உடையாது. நொக் சென்சர் கேட்டுக்கொண்டிருக்கும், தட்டல் வந்தால் கம்பியூட்டர் தீப்பொறியைப் பின்னுக்கு இழுக்கும், வலு கொஞ்சம் குறையும். எங்கள் வெயிலில் உள்ளே போகும் காற்றும் சூடு, அதிலும் கொஞ்சம் போகும். ஆக நீங்கள் காசு கொடுத்த 495 இங்கே 495 இல்லை. 92 மட்டும் அடிக்க வேண்டாம், டிரைவர் வைத்திருந்தால் அவருக்கும் சொல்லி வையுங்கள்.

ஒயில். கார் தானாகக் கணக்குப் பார்த்து எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லும். அது ஐரோப்பிய நெடுஞ்சாலைக்குப் போட்ட கணக்கு. காலி வீதியில் ஏசி போட்டபடி ஒரு மணித்தியாலம் ஊர்ந்தால் மீற்றரில் கிலோமீற்றர் ஏறாது, என்ஜின் மட்டும் முழு நேரம் சுடும். கார் சொல்வதில் பாதியிலேயே மாற்றுங்கள். கியர் பெட்டி ஒயிலும் வாழ்நாளுக்கு ஒரு தடவை என்று சொல்வார்கள், யாருடைய வாழ்நாள் என்று சொல்லமாட்டார்கள்.

ரயர். பி3க்கு 20 அங்குல வீல் ஓப்ஷன், 30 புரொஃபைல். அதை எடுக்க வேண்டாம், 19 போதும். 30 புரொஃபைல் ரயர் குழியில் விழுந்தால் பக்கச் சுவரில் பொக்குளம் கிளம்பும். பொக்குளம் வந்த ரயரை ஒட்ட முடியாது, வீசத்தான் வேண்டும். முக்கியமானது: இந்தக் காரில் ஸ்பெயார் ரயர் இல்லை. ஓட்டையைப் பசையால் அடைக்கும் கிற் ஒன்று மட்டும் வரும். சின்ன ஆணி என்றால் சரி. மாங்குளம் தாண்டி இரவில் ரயர் கிழிந்தால் பசையை வைத்து என்ன செய்வது? டிக்கிக்குள் ஒரு வீலைப் போட்டுக்கொண்டு போனால் வேகன் வாங்கியதில் பாதி இடம் போய்விடும்.

பார்ட்ஸ். சஸ்பென்ஷன் ஆம், விளக்கு, கதவு மாதிரிப் பொதுவான 3 சீரிஸ் சாமான் தேடினால் கிடைக்கும். அல்பினாவுக்கென்று செய்தவை, வீல், ரேர்போ, சைலன்சர், முன் பம்பரின் கீழ் உதடு, இவற்றுக்குப் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை முழுக்க நடந்தாலும் ஒன்றும் கிடைக்காது. கூரியரில்தான் வர வேண்டும், அதற்கும் சுங்கம். முன் உதடு முதலாவது ராம்பிலேயே போகும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளம். துன்முல்லைச் சந்தியில் மழைக்குத் தண்ணீர் நிற்பது எல்லாருக்கும் தெரியும். முன்னால் ஜீப் போகிறதே என்று பின்னால் போகாதீர்கள். காற்றுக் குழாயால் என்ஜினுக்குள் தண்ணீர் போனால் பிஸ்டனுக்கு அதை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். அப்படி வந்த கார்கள் என் கராஜில் நிற்கும்போது சொந்தக்காரரின் முகத்தைப் பார்க்க முடியாது.

நல்லது என்ன என்று கேட்டால்: அந்த என்ஜின் பலமானது, இசட்எஃப் எட்டு கியர் பெட்டியும் பலமானது. ஒழுங்காகப் பார்த்தால் நிற்கும்.

டிஎக்ஸ்72

95 ஓக்டேனா 98 ஓக்டேனா என்று பிள்ளைகள் கதைப்பதை வாசிக்கச் சிரிப்பு வருகிறது. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் ஒஸ்ரின் ஏ40உம் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேட்டருக்குள் இரண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுப்பது, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஓடும்போது பின்னால் வெள்ளைப் புகையும் நாற்றமும். நொக் சென்சர் எங்கள் காதுதான்.

தெஹிவளை_நானா

நான் வாகன வியாபாரம். விற்கும் நாளை நினைத்துத்தான் வாங்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

2020 முதல் 2025 வரை இறக்குமதி மூடிக் கிடந்தபோது பழைய கார் விலை ஏறியது. அதைப் பார்த்துவிட்டு, கார் என்றால் இங்கே நட்டம் வராது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அது விட்ஸுக்கும் அக்குவாவுக்கும் வேகன்ஆருக்கும். ஜப்பான் காருக்கு மட்டும்தான் இந்த நாட்டில் வரியும் சேர்ந்து விலையில் நிற்கும், ஏனென்றால் வாங்க ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஐரோப்பியக் காரில் கட்டிய வரி முதல் சொந்தக்காரரோடு கரைந்துபோகும். வாரண்டி முடிந்த நாளில் இருந்து வாங்க வருகிறவன் ரிப்பேர் செலவைத்தான் முதலில் எண்ணுவான்.

இந்தக் காரில் இன்னும் ஒரு தொல்லை. நீங்கள் பத்துக் கோடி கொடுத்ததற்குக் காரணமே வெளியே தெரியாது. வாங்க வருகிற ஆள் பார்ப்பது ஒரு 3 சீரிஸ் வேகன். அல்பினா என்றால் என்ன என்று நீங்கள் அவருக்கு வகுப்பு எடுக்க வேண்டும். கொழும்பு முழுக்கத் தேடினால் அதன் பெறுமதி தெரிந்த ஆட்களைக் கைவிரலில் எண்ணலாம், அவர்களிடம் அந்த மாதத்தில் காசு இருக்க வேண்டும்.

காரின் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரி கட்டுகிற ஆள் நீங்களாக இருக்க வேண்டாம் தம்பி. வேறு யாரோ கட்டி முடித்த காரை எடுங்கள். தடைக்கு முந்தி வந்து இங்கேயே பதிந்த ஐரோப்பிய வேகன்கள் கொஞ்சம் இருக்கின்றன. ஒருவருக்கும் தேவையில்லாமல் வெயிலில் நிற்கும். அங்கேதான் உங்கள் சந்தர்ப்பம்.

மலையகத்தான்

வேகம் 100 என்று மச்சான் எழுதியதற்கு ஒரு பதில். அவருக்கு வலு எதற்கு என்று விளங்கவில்லை.

ஹட்டனுக்கு ஏறும் பாதையை எடுங்கள். கினிகத்தேனைப் பக்கம் வளைவுக்கு மேல் வளைவு, முன்னால் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி, அதற்கு முன்னால் பஸ். நேரான துண்டு நூறு மீற்றர்கூடக் கிடைக்காது. அந்த இடைவெளியில் 30இல் இருந்து 70க்குப் போய்த் திரும்பவும் உள்ளே வர வேண்டும். சின்ன என்ஜின் கத்திக்கொண்டே எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஒவ்வொரு விநாடியும் ஆபத்து. வலு உள்ள கார் அந்த ஆபத்தைக் குறைக்கிறது, 250இல் ஓடுவதற்கு அல்ல.

ஆனால் அதற்கு 495 தேவையில்லை. 250 குதிரைவலுவும் நல்ல முறுக்குவிசையும் நான்கு சில்லு இழுவையும் இருந்தால் போதும், மிச்சம் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு. சுபாரு லெவோர்க் பாருங்களேன்? 2.4 ரேர்போ, 275 குதிரைவலு, வேகன், சத்தமில்லை, ஜப்பானில் இருந்து வரும்.

ஐந்து_சிலிண்டர்

லெவோர்க் நல்ல கார், ஆனால் கியர் படிகள் இல்லாத சிவிடி. மலையேறும்போது என்ஜின் ஒரே சுருதியில் பாடும். பி3 கேட்டு வந்தவருக்கு அதைக் கொடுப்பது பாவம். கோல்ஃப் ஆர் எஸ்டேட் என்றால் பேசலாம், 320 குதிரைவலு, 2 லீற்றருக்குள்ளே. சிசி குறைவதால் கணக்குப்பிள்ளை ஐயாவின் நோட்டிலும் குறையும்.

கணக்குப்பிள்ளை

குறையும். சொகுசு வரியின் விலக்கு 50 இலட்சத்தோடு நிற்பதால் அந்த வரி இன்னும் கடிக்கும். ஆனால் பாதிக்குப் பாதி வித்தியாசம் வரும்.

ஹரோ_அக்கா

நான் லண்டனில் ஔடி எஸ்4 அவன்ற் ஓடுகிறேன், கருநீலம். தம்பி கேட்கிற வகைக் கார் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே இந்தக் கார்களின் வாழ்க்கை வேறு. பள்ளிக்கூட வாசலில் எல்லார் காரும் வேகன், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வரி என்றால் 40,000 பவுண்டுக்கு மேலான புதுக் கார் என்று ஐந்து வருடம் மேலதிகமாகக் கட்டினோம், நீங்கள் கட்டுவதோடு ஒப்பிட்டால் அது சில்லறை. விலை வேகமாக இறங்கும், எனவே மூன்று வயதுக் காரை எடுப்பதுதான் புத்தி. உங்கள் ஊரில் அந்தப் புத்திதான் தலைகீழாகிவிடுகிறது.

வலுவை விட நான் விரும்புவது பின்பக்கத்தை. கோயில் அன்னதானத்துக்குப் பெரிய கிடாரம் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஜீப் வைத்திருந்த இரண்டு பேர் தூக்கி ஏற்ற முடியாமல் நின்றார்கள், ஏனென்றால் அவர்களின் டிக்கித் தளம் இடுப்புக்கு மேலே. என் காரில் விளிம்பில் வைத்து உள்ளே தள்ளினேன். பின்சீற்றை மடித்தால் தளம் மட்டமாக வரும், சாமான் வழுக்காமல் பிடிக்கத் தண்டவாளமும் கொக்கியும் இருக்கிறது. சாம்பார் வாளியை அந்தக் கொக்கியில் கட்டிக்கொண்டு ரவுண்டபவுட் எடுத்த எனக்குத்தான் அதன் அருமை தெரியும்.

3 சீரிஸ் டூரிங்கில் ஒரு வசதி எங்களிடம் இல்லை, பின்கண்ணாடி தனியாகத் திறக்கும். வெள்ளவத்தை ஃபிளாட்களில் காரைச் சுவரோடு ஒட்டித்தானே நிறுத்துகிறீர்கள்? டிக்கி முழுக்கத் திறக்க இடம் இல்லாவிட்டாலும் கண்ணாடியைத் திறந்து பையை உள்ளே போடலாம்.

மனைவியைக் காரில் இருத்தி ஓடிக் காட்டுங்கள். என் வீட்டுக்காரரும் முதலில் ஜீப் கட்சிதான்.

கொட்டாஞ்சேனை_மச்சான்

சாம்பார் வாளிக்கு 350 குதிரைவலு. அக்கா, நீங்கள்தான் இந்த இழையின் வெற்றியாளர்.

ஹவ்லொக்_வாசி

எல்லாருக்கும் நன்றி. அம்மாவை நண்பர் ஒருவரின் 3 சீரிஸில் இருத்திப் பார்த்தேன். பின்சீற்றில் ஏறுவது சுகம், இறங்குவது கரைச்சல், முன்சீற்றில் இரண்டும் சரி. அம்மா முன்னால், மனைவி பின்னால் என்ற புதுப் பிரச்சினை இப்போது வீட்டில் ஓடுகிறது.

பத்துக் கோடிக் கதையைக் கேட்ட பிறகு பி3 ஆசை தணிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் நானா சொன்னது உறைத்தது. காரைப் பிடிக்காமல் இல்லை, காருக்குக் கொடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேறு இடத்துக்குக் கொடுப்பதுதான் தொண்டையில் நிற்கிறது. பிறகு அதை ராம்பில் உரசாமல் ஓடவே எனக்குப் பயமாக இருக்கும். ஆசைப்பட்டு வாங்கிய காரை வீட்டில் நிறுத்திவிட்டுப் பழைய ஹொண்டா வெசலில் போகிற ஆட்களை எனக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தில் சேர விருப்பமில்லை.

விசாரித்ததில் ராஜகிரியப் பக்கம் 2018 ஔடி எஸ்4 அவன்ற் ஒன்று இருக்கிறது. 3 லீற்றர் வி6 ரேர்போ, 354 குதிரைவலு, நான்கு சில்லு இழுவை. இங்கேயே பதிந்தது, ஒரே சொந்தக்காரர், சாம்பல் நிறம் (டிஎக்ஸ் ஐயா சிரிக்கக் கூடாது). ஒன்றரை வருடமாக விற்காமல் நிற்கிறதாம். நானா, விலை பற்றி உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். பாஸ், எதைப் பார்க்க வேண்டும்?

தெஹிவளை_நானா

ஒன்றரை வருடம் நின்றது என்றால் விற்பவர் களைத்திருப்பார். முதல் தொகையை நீங்கள் சொல்ல வேண்டாம், அவர் வாயால் வரட்டும். அவர் வரிக் கணக்கை எடுத்து விரித்தால் தலையை ஆட்டிக் கேளுங்கள், ஆனால் விலை பேசும்போது அதற்குள் போக வேண்டாம்.

பஞ்சிகாவத்தை_பாஸ்

பி3ஐ விட இது எனக்கு நிம்மதி. பார்க்க வேண்டியது:

என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் எடுக்க வேண்டும். இந்த வி6இன் ஆரம்ப வருடங்களில் வால்வுப் பக்கம் ரொக்கர் ஆம் தேய்ந்து டிக் டிக் என்று தட்டும் பிரச்சினை வந்தது. சூடான என்ஜினில் அது மறைந்து நிற்கலாம். நீங்கள் போகும்போது பொனட் ஏற்கெனவே சூடாக இருந்தால் கையை வைத்துப் பார்த்துவிட்டு வேறு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

தண்ணீர்ப் பம்பும் தெர்மோஸ்டாற்றும் கசிந்த அடையாளம் இருக்கிறதா என்று வெள்ளைத் தடத்தைத் தேடுங்கள். ரயரில் வாரமும் வருடமும் நான்கு இலக்கத்தில் இருக்கும். கட்டை நன்றாக இருந்தாலும் 2018 ரயர் என்றால் நான்கையும் மாற்றும் காசை விலையில் கழியுங்கள். கூரைக் கண்ணாடி இருந்தால் முன்கம்பளத்தைத் தூக்கிக் கையால் தடவுங்கள், வடிகால் அடைத்து ஈரம் நின்றால் கீழே இருக்கும் வயரிங்குக்கு ஆபத்து. டிக்கித் தளத்தைத் தூக்கி ஸ்பெயார் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

நின்ற கார் என்பதால் பற்றரி செத்திருக்கும், பிரேக் டிஸ்க்கில் துரு இருக்கும். அவை செலவு, ஆபத்து அல்ல. கம்பியூட்டரை நான் கொண்டுவந்து போட்டுப் பார்க்கிறேன். அதைப் போட விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அங்கேயே கதை முடிந்தது.

மலையகத்தான்

வாங்கினால் கினிகத்தேனைக்கு ஒரு தடவை வாங்கோ அண்ணை. பெற்றோல் என் செலவு.

ஹரோ_அக்கா

சாம்பல் என்ன சாம்பல் தம்பி? என்னுடையதைப் போல கருநீலம் தேடுங்கள், ஊத்தை தெரியும் என்றாலும் அழகு.

ஹவ்லொக்_வாசி

அக்கா, இந்த நாட்டில் எஸ்4 அவன்றுக்கு நிறம் தெரிவு செய்யும் அளவுக்கு எண்ணிக்கை இல்லை.

பாஸ், விற்பவரிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை. நாங்கள் வரும்வரை காரை ஸ்டார்ட் எடுக்க வேண்டாம் என்று சொன்னேன், ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சரி என்றார். வெயில் ஏற முதல் பார்க்க வேண்டும், காலை ஏழு மணிக்கு வர முடியுமா?

பஞ்சிகாவத்தை_பாஸ்

வாறன். ஆறே முக்காலுக்கு என்னைக் கராஜில் ஏற்றுங்கள், கம்பியூட்டரும் ஜக்கும் இருக்கும். அந்த ஒரு நிமிட யோசனை எனக்கும் பிடிக்கவில்லை, அதனால் போனவுடன் நீங்கள் விலை கதைக்காதீர்கள், நான் முதலில் பொனட்டில் கை வைக்கிறேன்.